மலை இறங்கும் தாயோடு சங்கம் எதுவரை வரும்?



2025 மே மாதம் எங்கள் தோட்டக் கிளையிலிருந்து ஒரு உறுப்பினர் போனார். ஓய்வு பெற்றுப் போகவில்லை, வேறு சங்கத்துக்கும் போகவில்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரு ஊன்றுகோலையும் கூட்டிக்கொண்டு மத்திய மாகாணத்தை விட்டு மேல் மாகாணத்துக்குப் போனார். அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் மாதர் சங்கத்தில் அவரைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவோம், அப்படியே எழுதுகிறோம். அவர் போன விதத்தைப் பற்றியும், அதில் நாங்கள் செய்த பிழையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்கச்சி பதினாறு வருடம் கொழுந்து எடுத்தவர். மழை நாளில் கொழுந்துச் சாக்கோடு சரிவில் சறுக்கி விழுந்தார். முழங்கால் நொறுங்கியது. புண் ஆறாமல் கடைசியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கணவர் அதற்கு முன்பே கொழும்புக்கு வேலைக்கென்று போனவர். முதலில் மாதா மாதம் காசு வந்தது, பிறகு தீபாவளிக்கு மட்டும் வந்தது, பிறகு டெலிபோன் நம்பரும் மாறிவிட்டது. மூத்த பையன் தரம் 7. இளையவள் பிள்ளை மடுவத்தை விட்டு அடுத்த வருடம் பள்ளிக்கூடம் போக வேண்டியவள்.

அவருடைய காம்பரா மேல் லயத்தில் இருந்தது. லயத்து வாசலிலிருந்து ரோட்டுக்கு 63 படிகள். நாங்கள் எண்ணிப் பார்த்துத்தான் எழுதுகிறோம். அதில் பாதி சிமெந்து, பாதி மண்ணில் வெட்டியது. கக்கூசு லயத்துக்குப் பின்னால், இன்னும் மேலே. மழை பெய்தால் தங்கச்சி காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டார், கக்கூசுக்கு ஏற வேண்டி வருமே என்று. கிளினிக் நாளில் இரண்டு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி இறக்குவார்கள். அந்த இரண்டு பேருக்கும் அன்றைய பேர் இல்லை. பையன் தண்ணீர் எடுக்கவும் விறகு கொண்டு வரவும் என்று வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. போதாததற்கு, பேர் போட ஆள் இல்லாத காம்பராவை வேலைக்கு வருகிற குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று ஆபீசிலிருந்து சொல்லியனுப்பத் தொடங்கினார்கள்.

வத்தளைப் பக்கம் வாடகை அறையில் இருக்கும் அக்கா, வந்துவிடு என்றார். சமதரை, வாசலில் பஸ். புனர்வாழ்வுச் சிகிச்சைக்கான வைத்தியசாலை ராகமையில் இருக்கிறது. நடைப் பயிற்சிக்கு இங்கிருந்து போய் வருவதென்றால் ஒரு நாளில் முடியாது, அங்கிருந்து என்றால் அரை நாள். கணக்கு நேரானதுதான். ஆனாலும் எங்களில் சிலர், "இந்தக் காலோட, ரெண்டு புள்ளைகளையும் வச்சுக்கிட்டு அந்நியச் சீமையில என்னா செய்யப்போற?" என்று கேட்டோம். அன்பில் கேட்டதுதான். ஆனால் கேட்டது பிழை. 63 படிக்கு மேலே அவரை வைத்துவிட்டு, நாற்காலியில் தூக்கி இறக்குவதை உறவு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவரோ தன் பிள்ளையைத் தானே பள்ளிக்கூட வாசலில் கொண்டு விட நினைத்தார்.

போவதற்கு முந்திய கூட்டத்தில் அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "தலைவரே, நான் போனா என் பேரு இங்க இருக்குமா, அங்க வருமா?"

"போயிட்டு வாம்மா, பாத்துக்கலாம்" என்று சொன்னோம்.

பாத்துக்கவில்லை. அவர் போனார், பேர் போகவில்லை. இங்கேயும் இருக்கவில்லை.

தோட்டத்தில் பேர் என்றால் என்ன என்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு நாள் சம்பளத்துக்கே நாம் வைத்த பெயர் பேர். செக்ரோலில் பேர் இருந்தால் காம்பரா, காம்பரா இருந்தால் வாக்காளர் இடாப்பில் பேர், இடாப்பில் பேர் இருந்தால் கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி, அத்தாட்சி இருந்தால் பிரதேச செயலகத்தில் விண்ணப்பம். ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. கிராமத்தில் சொந்தக் காணி உள்ள பெண் வேறு மாகாணத்துக்குப் போனால், வீட்டை வாடகைக்குக் கொடுக்கலாம், பூட்டிவிட்டுப் போகலாம், பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம். நமது தங்கச்சி காம்பராச் சாவியைக் கொடுத்த அன்றே அவருக்குத் திரும்பி வர ஓர் இடம் இல்லாமல் போனது. கால் ஊனமும் தனித் தாயாக இருப்பதும் எங்கேயும் கஷ்டம்தான். வேலையோடு வீட்டைக் கட்டிவைத்திருக்கும் தோட்டத்தில் அது இரண்டு மடங்கு.

முதலில் அஸ்வெசும. 2023 ஜூலையில் இந்தத் திட்டம் தொடங்கியபோது குடும்பத் தலைவர் என்று கணவரின் பேரைத்தான் எழுதிக்கொண்டு போனார்கள். வீட்டில் இல்லாத ஆள் தலைவராக இருந்தார். அதைத் திருத்தவே மேன்முறையீடு, விசாரணை என்று ஒரு வருடத்துக்கு மேல் போனது. பிறகு மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு கிடைக்கத் தொடங்கியது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக ஏறியது. கூடிய காசைக் கையில் வாங்கிய அடுத்த மாதமே அவர் மலை இறங்கினார். இங்கே, "ஊரில் இல்லை" என்று குறித்துவிட்டார்கள். அங்கே, "இந்தப் பிரிவில் வசிப்பதற்கு அத்தாட்சி கொண்டு வாருங்கள்" என்றார்கள். அத்தாட்சிக்கு வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம் வேண்டும். கடிதம் கொடுத்தால் பிறகு வீட்டில் உரிமை கேட்பார்கள் என்று சொந்தக்காரருக்குப் பயம். இப்படி எட்டு மாதம். ஒரு மாதத்துக்கு 10,000 என்றால் 80,000 ரூபா. அவருடைய கால் அந்த எட்டு மாதமும் அவரோடுதான் இருந்தது, இல்லாத கால் இல்லாமலேதான் இருந்தது. மாகாண எல்லையைத் தாண்டியதும் ஊனம் மாறிவிடுமா?

அந்த அலுவலகங்களில் இருந்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு உத்தியோகத்தர் தன் சொந்த டெலிபோனில் நாலைந்து தடவை கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். ஒரு கோப்பை ஒரு பிரதேச செயலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது பயனாளியின் வேலை என்று ஆகிவிட்டதுதான் கோளாறு. பயனாளியோ ஒற்றைக் காலில் நிற்கிறவர். வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996இல் வந்தது, 28ஆம் இலக்கச் சட்டம். ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. வசிக்கும் இடத்தைத் தானே தெரிவு செய்யும் உரிமை அதிலேயே எழுதியிருக்கிறது. கட்டடங்களில் சாய்வுப் பாதை வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006இல் வந்தது. அது பொதுக் கட்டடங்களுக்கு. லயத்துப் படிகள் அதற்குள் வராது.

படிவங்கள் சிங்களத்தில் இருந்தன. தமிழில் அலுவல் பார்க்கும் உரிமை நாட்டின் எந்த மாகாணத்திலும் நமக்கு உண்டு. 1988இல் வந்த பதினாறாம் திருத்தம் அதை அரசியலமைப்பிலேயே எழுதியது. ஆனால் அதைச் சொல்லிக் கேட்க, பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். தங்கச்சிக்குப் பக்கத்தில் இருந்தது பன்னிரண்டு வயதுப் பையன். தாயின் கால் எப்போது, எதனால் எடுக்கப்பட்டது என்று அந்தப் பிள்ளைதான் பாதிச் சிங்களத்தில் கவுண்டரில் நின்று சொன்னான்.

சின்னவளின் பள்ளிக்கூடக் கதையும் இதேதான். தரம் 1க்கு எடுக்கும்போது பெற்றோரின் பேர் முந்திய ஐந்து வருட இடாப்பில் அந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். மே மாதம் வந்தவருக்கு ஐந்து வருடம் எங்கிருந்து வரும்? பக்கத்துத் தமிழ்ப் பாடசாலையில் இடமில்லை என்றார்கள். இப்போது பிள்ளை இரண்டு பஸ் மாறிப் போகிறாள். எந்தப் பிள்ளையை வாசலில் கொண்டு விடவென்று தாய் மலை இறங்கினாரோ, அந்தப் பிள்ளையை அண்ணன்காரன் கூட்டிப் போகிறான்.

இனி காசு. இதை எல்லோரும் கவனமாக வாசிக்க வேண்டும். ஊனமில்லாதவர்களுக்கும் இது பொருந்தும்.

தங்கச்சி வேலையை விடுவதாகக் கடிதம் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவும் இல்லை. சும்மா போய்விட்டார், ஆபீசில் வேலைக்கு வராமல் நின்றவர் என்று எழுதிவிட்டார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி ஐந்து வருடம் முடித்த நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் சேவைக்காலப் பணமாக வர வேண்டும். வேலையைத் தொழிலாளி விட்டாலும் துரை நிறுத்தினாலும் அது வர வேண்டும். பதினாறு வருடத்துக்கு 224 நாள். 1,350 ரூபா அடிப்படைச் சம்பளத்தில் பெருக்கினால் 302,400 ரூபா. வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். அவர் இறங்கியபோது கையில் இருந்தது அக்கா அனுப்பிய பஸ் காசும், மாதர் சங்கத்தில் நாங்கள் சேர்த்துக் கொடுத்த கொஞ்சமும்தான்.

ஊழியர் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதில்தான் எடுக்கலாம் என்று பலரும் நினைக்கிறோம். நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர் என்று வைத்திய அத்தாட்சி இருந்தால் அதற்கு முன்பே விண்ணப்பிக்கலாம். ஊழியர் நம்பிக்கை நிதியை வேலையை விட்டதும் எடுக்கலாம். நிரந்தர இயலாமைக்கென்று அதில் தனியாக ஒரு கொடுப்பனவும் உண்டு. அதை வேலையில் பேர் இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நட்டஈடு. வேலை நேரத்தில், வேலை மலையில் விழுந்தவர் அவர். தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலேயே வந்தது, நமது தாத்தாமார் காலத்துச் சட்டம். விழுந்த அன்று விபத்து என்று புத்தகத்தில் பதிந்தார்களா, கங்காணி சாட்சி எழுதினாரா என்று எங்கள் கிளையில் ஒருவரும் போய்க் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பழம் வாங்கிக்கொண்டு போனோம். இப்போது தொழில் அலுவலகத்துக்கு எழுதியிருக்கிறோம். அன்று பத்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு இன்று சாட்சிகளைத் தேடி அலைகிறோம்.

கணவரையும் விட்டுவிடக் கூடாது. 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பிள்ளைகளுக்காக வழக்குப் போடலாம். தங்கச்சிக்கு அதில் விருப்பமில்லை. அது அவருடைய முடிவு. ஆனால் அப்படி ஒரு வழி இருக்கிறது என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாங்கள்.

சங்கத்தைப் பற்றி எழுதத்தான் இவ்வளவும் எழுதினோம். சந்தா செக்ரோலில் வெட்டப்படுகிறது. வேலை நின்றால் வெட்டு நிற்கிறது, வெட்டு நின்றால் உறுப்புரிமை நிற்கிறது. அடுத்த மாத உறுப்பினர் பட்டியலில் தங்கச்சியின் பேரை ஒருவரும் வெட்டவில்லை, அது தானாகவே வரவில்லை. ஆபீசு அவரை நடத்திய விதத்துக்கும் நாங்கள் நடத்திய விதத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால் எங்களிடம் நல்ல பதில் இல்லை. கமிட்டியில் ஒரு தோழர், "போறவங்களுக்குச் செலவழிக்க, இருக்கிறவங்க எதுக்குச் சந்தா கட்டணும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதினாறு வருடம் சந்தா கட்டியவர் போறவங்களா, இருக்கிறவங்களா என்று அவரிடமே திருப்பிக் கேட்டோம். இன்று நல்ல காலோடு பிரட்டுக்கு நிற்கிற யார் நாளைக்கு நாற்காலியில் இறங்குவார் என்பது அட்டைக்கும் தெரியாது, குளவிக்கும் தெரியாது.

பேர் வெட்டுப்படுவது நமக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் நமது மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒப்பந்தம் யார் இருப்பது, யார் கப்பலேறுவது என்று ஆட்களை எண்ணிப் பிரித்தது. 1977இலும் 1983இலும் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் உடுத்த துணியோடு போனார்கள். எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அந்தப் போராட்டத்தையெல்லாம் பேருக்காகத்தான் நடத்தினோம். அப்படிப்பட்ட மக்களின் சங்கம், ஒரு உறுப்பினர் பஸ் ஏறியதும் பேரைத் தொலைக்கலாமா?

இதை இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து மலை சரிந்த பிறகு, எத்தனையோ லயங்களிலிருந்து ஆட்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கிறது. வடக்கில் காணி கிடைத்தால் போய்விடலாம் என்ற பேச்சும் லயங்களில் அடிபடுகிறது. போகிறவர்களில் தங்கச்சியைப் போன்றவர்களும் இருப்பார்கள். குடும்பத் தலைவர் யார் என்று கேட்டுப் பட்டியல் எழுதுகிறார்கள். நடக்க முடியாதவர் யார், தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் யார் என்றும் அதே பட்டியலில் கேட்டு எழுத வேண்டும். புது வீடு கட்டும்போது அவர்களுக்கு ரோட்டோரத்தில், படியில்லாமல், கக்கூசு உள்ளே வைத்துக் கட்ட வேண்டும். வீடு 550 சதுர அடியாக இருந்தாலும், வாசலில் ஏழு படி இருந்தால் அது அவருக்கு வீடு அல்ல. அதிர்ஷ்டச் சீட்டு இழுத்து வீட்டு இலக்கம் கொடுக்கும் வழக்கம் இவர்களுக்கு வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

கம்பெனியிடம் கேட்க வேண்டியது ஒன்று. ஊனமுற்ற தனித் தாயோ தகப்பனோ வேறு இடம் போய்ப் பார்க்கும்போது, ஒரு வருடத்துக்குக் காம்பராவை வேறு ஆளுக்குக் கொடுக்கக் கூடாது. அங்கே சரிவராவிட்டால் பிள்ளைகளோடு வந்து ஏற ஒரு கதவு இருக்க வேண்டும். சேவைக்காலப் பணம் கைக்கு வரும்வரை சாவியைக் கேட்கவே கூடாது. அரசாங்கத்திடம் கேட்க வேண்டியது, பழைய பிரிவில் கொடுப்பனவை நிறுத்துமுன் புதிய பிரிவில் அது தொடங்கியிருக்க வேண்டும் என்பது. பேரை வெட்டுகிற கைதான் அதைப் புதிய இடத்தில் எழுதவும் வேண்டும்.

சங்கத்திடம் நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வேலை நின்ற பிறகும் கையால் சந்தா கட்டி உறுப்பினராக இருக்க வழி வேண்டும், இயலாமையால் வேலை நின்றவருக்குச் சந்தாவே வேண்டாம். மலை இறங்குகிற உறுப்பினரின் கோப்பு அவர் இறங்குமுன் கொழும்புக் காரியாலயத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே ஒரு ஆள், ஒரே ஒரு ஆள், சிங்களமும் தெரிந்தவராக, முதல் நாள் அவரோடு பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். அந்த ஒரு நாளை நாங்கள் கொடுத்திருந்தால் எட்டு மாதம் ஒரு மாதமாகியிருக்கும்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு இதை எழுத்தில் கொண்டு போகிறோம். மற்றக் கிளைகளிலும் இப்படி இறங்கிப் போனவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய பழைய செக்ரோல் இலக்கத்தையும், இப்போது எங்கே இருக்கிறார்கள் என்பதையும் மாதர் சங்கத் தலைவிமார் எழுதி மாவட்டக் காரியாலயத்தில் கொடுங்கள்.

தங்கச்சி ஜனவரியில் கூப்பிட்டார். கொடுப்பனவு திரும்பவும் வரத் தொடங்கிவிட்டதாம். ராகமையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊன்றுகோல் இல்லாமல் ஆறு அடி நடந்தாராம். அந்த மாதமே அக்கா மூலமாக ஒரு மணியோடர் வந்தது, விடுபட்ட மாதங்களின் சந்தா என்று எழுதி. செக்ரோல் இலக்கம் இல்லாத சந்தாவை எந்தப் புத்தகத்தில் வரவு வைப்பது என்று காரியாலயத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. காசு மேசை லாச்சியில் இருக்கிறது. ரசீது இன்னும் எழுதவில்லை.